அந்தக் காலத்து நாசா ஈர்த்தது வெற்றியாலா, ஊரறியப் பட்ட தோல்வியாலா?

#1 பழையரேடியோ

நிலாவுக்கு மறுபடி ஆள் அனுப்பும் ஆர்ட்டெமிஸ் திட்டம் பற்றிய இழையில் இந்தப் பேச்சு நடுவில் புகுந்து, அங்கே பேச வேண்டியதைப் பேச விடாமல் செய்துகொண்டிருந்தது. அதனால் தனி இழை.

அமெரிக்க விண்வெளித் திட்டத்தின் ஆரம்ப வருடங்கள், அதாவது 1957-லிருந்து, மனிதனை மேலே அனுப்பிய முதல் அமெரிக்கத் திட்டமான மெர்க்குரி முடிந்த 1963 வரை, ஒரு தலைமுறையையே வானத்தை அண்ணாந்து பார்க்க வைத்தன என்பார்கள். எப்படி என்று கேட்டால் உடனே நிலாவுக்குப் போவோம் என்று கென்னடி ரைஸ் பல்கலைக்கழகத்தில் பேசியதை எடுத்துப் போடுவார்கள். 1962 செப்டம்பர் 12. நல்ல பேச்சுதான், மறுக்கவில்லை. ஆனால் மேடைப் பேச்சுக்கு அவ்வளவு சக்தி உண்டு என்பதை நான் நம்பவில்லை. நாம் கேட்காத பேச்சா?

என் கணக்கில் கதை 1957-லேயே ஆரம்பிக்கிறது. அக்டோபர் 4-ல் சோவியத்தின் முதல் செயற்கைக்கோள் ஸ்புட்னிக் மேலே போனதும் அமெரிக்கா அவசர அவசரமாகத் தன் வான்கார்ட் ராக்கெட்டைக் கேப் கனாவெரலில் நிறுத்தியது. டிசம்பர் 6. பத்திரிகைக்காரர்கள், கேமராக்கள், எல்லாம் தயார். ராக்கெட் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் மேல் எழும்பியது. அவ்வளவுதான். விசை போய், மேடை மேலேயே சரிந்து, தீப்பிழம்பாக வெடித்தது. உச்சியில் இருந்த ஒன்றரைக் கிலோ செயற்கைக்கோள் தெறித்துத் தரையில் விழுந்து, கிடந்த இடத்திலிருந்தே சிக்னல் அனுப்பிக்கொண்டிருந்தது, ஏதோ சுற்றுப்பாதையில் இருக்கிற நினைப்பில். மறுநாள் பத்திரிகைகள் ‘கபுட்னிக்’, ‘ஃப்ளாப்னிக்’ என்று கிழித்துத் தொங்கவிட்டன.

நசுங்கிப்போன அந்தக் கோளை அவர்கள் குப்பையில் போடவில்லை. வாஷிங்டனில் உள்ள விண்வெளி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எட்டே வாரத்தில், 1958 ஜனவரி 31 அன்று, வேறொரு குழு எக்ஸ்ப்ளோரர் 1-ஐ மேலே அனுப்பியது. பூமியைச் சுற்றியிருக்கும் வான் ஆலன் கதிர்வீச்சுப் பட்டைகள் கண்டுபிடிக்கப்பட்டது அதன் கருவியால்தான்.

என் வாதம் இதுதான். சோவியத் வெற்றியை மட்டும் காட்டியது. அமெரிக்கா விழுந்ததையும் எழுந்ததையும் சேர்த்துக் காட்டியது. பார்த்துக்கொண்டிருந்த பையனுக்கு ‘இது மனிதர்கள் செய்கிற வேலை, நானும் செய்யலாம்’ என்ற எண்ணம் வந்தது அதனால்தான். உங்கள் கருத்து?

#2 அரைடிக்கெட்

வான்கார்ட் சரி சார். ஆனால் கூத்தில் அதைத் தூக்கிச் சாப்பிடுவது மெர்க்குரி ரெட்ஸ்டோன் 1. 1960 நவம்பர் 21, ஆள் இல்லாத சோதனை. இன்ஜின் பற்றியது, புகை கிளம்பியது, ராக்கெட் மொத்தம் நாலு அங்குலம் எழும்பி, இன்ஜின் அணைந்து, திரும்ப அதே மேடையில் வந்து உட்கார்ந்தது. விழவும் இல்லை, வெடிக்கவும் இல்லை. காரணம் என்னவென்றால், வால் பக்கம் செருகியிருந்த மின் இணைப்புகள் கழல வேண்டிய வரிசை மாறிக் கழன்றுவிட்டன. அவ்வளவு சின்ன விஷயம்.

அதற்கப்புறம்தான் வேடிக்கை. இன்ஜின் அணைந்த சிக்னல் மேலே இருந்த கலத்துக்குப் போனது. பறந்து முடித்தாயிற்று என்று அது எடுத்துக்கொண்டது. ஆபத்து வந்தால் கலத்தை இழுத்துக்கொண்டு ஓடுவதற்காக உச்சியில் ஒரு தப்பிக்கும் கோபுரம் வைத்திருப்பார்கள். அது கலத்தை அம்போவென்று விட்டுவிட்டுத் தான் மட்டும் 1,200 மீட்டர் உயரத்துக்குப் பாய்ந்தது. பிறகு கலத்தின் கருவி உயரத்தைப் பார்த்தது. தரைக்குப் பக்கத்தில் இருக்கிறோமே என்று பாராசூட்டை விரித்தது. முதலில் சின்னது, அப்புறம் பெரியது, அப்புறம் உபரியாக வைத்திருந்தது. எல்லாம் ராக்கெட்டின் பக்கவாட்டில் தொங்கிக்கொண்டிருந்தன.

நிலைமையை யோசித்துப் பாருங்கள். எரிபொருள் நிரம்பிய ராக்கெட், பிடிமானம் ஏதும் இல்லாமல் நிற்கிறது, தலையில் பாராசூட் துணி. காற்று கொஞ்சம் பலமாக அடித்தால் போச்சு. துப்பாக்கியால் சுட்டு டாங்கில் ஓட்டை போடலாமா என்றுகூட யோசனை வந்ததாம். கடைசியில் யாரும் கிட்டே போகவில்லை. பேட்டரி தீரட்டும், திரவ ஆக்சிஜன் ஆவியாகட்டும் என்று மறுநாள் காலை வரை காத்திருந்தார்கள். விண்கலக் கட்டுப்பாட்டுக்குப் பொறுப்பாக இருந்த கிறிஸ் கிராஃப்ட் இதிலிருந்துதான் ஒரு விதி சொல்வார்: என்ன செய்வதென்று தெரியாவிட்டால் எதையும் செய்யாதே. எங்கள் ஆபீஸ் சர்வர் அறைக் கதவில் எழுதி ஒட்ட வேண்டிய வாசகம்.

ஒரு மாதத்துக்குள், டிசம்பர் 19-ல், திரும்ப ஏவி வெற்றியும் பெற்றார்கள்.

#3 கணக்குவாத்தியார்

கதை நன்றாக இருக்கிறது. எண்களையும் கொஞ்சம் பார்ப்போமா?

‘தலைமுறையே ஈர்க்கப்பட்டது’ என்கிறீர்கள். 1960-களில் அமெரிக்காவில் எடுத்த வாக்கெடுப்புகளைப் பாருங்கள். நிலாவுக்குப் போகும் செலவு தகும் என்றவர்கள் பெரும்பாலும் சிறுபான்மைதான். பாதிக்கு மேல் ஆதரவு கிடைத்தது 1969 ஜூலையில், ஆம்ஸ்ட்ராங் இறங்கிய சமயத்தில் மட்டும். அதுவும் சுமார் 53 சதவீதம். நாசாவுக்கு அதிகப் பணம் போன வருஷம் 1966, மத்திய அரசின் செலவில் 4.4 சதவீதம். மக்கள் பொங்கி எழுந்து கேட்டதால் கிடைத்த பணம் இல்லை அது.

சரி, கென்னடியாவது கனவு கண்டாரா? ரைஸ் பேச்சு முடிந்து பத்து வாரம் கழித்து, 1962 நவம்பர் 21 அன்று, நாசா தலைவர் ஜேம்ஸ் வெப்போடு வெள்ளை மாளிகையில் உட்கார்ந்து பேசிய ஒலிப்பதிவு இருக்கிறது. 2001-ல் வெளியே வந்தது. விஞ்ஞான ஆராய்ச்சிக்கும் முக்கியத்துவம் வேண்டும் என்று வெப் மன்றாடுகிறார். கென்னடி, ரஷ்யர்களை முந்துவதுதான் குறி, மற்றபடி எனக்கு விண்வெளியில் அவ்வளவு ஆர்வம் கிடையாது என்று முகத்துக்கு நேராகச் சொல்கிறார். மைதானத்தில் ஒன்று, அறைக்குள் ஒன்று.

ஏக்கத்தை வரலாறு என்று எழுதிவிடக் கூடாது.

#4 பழையரேடியோ

வாத்தியார் சார், வாக்கெடுப்பில் கேட்ட கேள்வி ‘இந்தச் செலவு தகுமா’ என்பது. வரி கட்டுகிற நாற்பது வயது ஆளிடம் கேட்டது. நான் பேசுவது பத்து வயதுப் பையனைப் பற்றி. அவனை யாரும் கேட்கவில்லை.

கென்னடி ஒலிப்பதிவு எனக்கும் தெரியும். அது என் பக்கம்தான் பேசுகிறது. ஈர்ப்பு பேச்சில் இல்லை என்றுதானே ஆரம்பித்தேன்?

வேண்டுமானால் பள்ளிக்கூடத்தைப் பாருங்கள். ஸ்புட்னிக் அதிர்ச்சியில் 1958 செப்டம்பர் 2 அன்று ஐசன்ஹோவர் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். நான்கு வருஷத்துக்குச் சுமார் 100 கோடி டாலர். கல்லூரி மாணவர்களுக்குக் குறைந்த வட்டிக் கடன், ஆராய்ச்சி மாணவர்களுக்கு உதவித்தொகை, கணிதம், அறிவியல், அந்நிய மொழிகள். 1960-ல் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் கொடுத்த முனைவர் பட்டங்கள் பத்தாயிரத்துக்கும் கீழே. 1970-ல் முப்பதாயிரத்தை நெருங்கிவிட்டது.

#5 கணக்குவாத்தியார்

அந்த மும்மடங்குக்கு நாசாவைக் காரணம் காட்டினால் என் மாணவனுக்கே மார்க் போட மாட்டேன். போருக்குப் பின் பிறந்த பெருங்கூட்டம் கல்லூரி வயதுக்கு வந்த சமயம் அது. வியட்நாம் போர் வேறு. படித்துக்கொண்டிருந்தால் ராணுவத்துக்கு இழுத்துப்போவதைத் தள்ளிப்போடலாம் என்று மேற்படிப்புக்குப் போனவர்கள் எத்தனையோ பேர். எது எவ்வளவு என்று பிரிக்கவே முடியாது.

ஆனால் அந்தச் சட்டத்தைப் பற்றி ஒரு சுவையான தகவல். அந்நிய மொழிகளுக்கான பணத்தில் தெற்காசிய மொழிகளும் சேர்ந்தன. சிகாகோ, பென்சில்வேனியா பல்கலைக்கழகங்களில் தமிழ் படிக்க வந்த அமெரிக்க மாணவர்களுக்கு இந்தச் சட்டத்தின் கீழ் உதவித்தொகை கிடைத்தது. ரஷ்யாக்காரன் ஒரு உருண்டையை வானத்தில் விட்டான், சிகாகோவில் ஒருவன் தமிழ் வினைமுற்று படித்தான். இதை எந்த மேடையிலும் யாரும் சொல்வதில்லை.

#6 அரைடிக்கெட்

வாத்தியாரே, இது ஒன்றுக்கே உங்களுக்குப் பத்து லைக்.

#7 மல்லிகைப்பூ

பழையரேடியோ அண்ணா, ‘நானும் செய்யலாம்’ என்று பார்த்துக்கொண்டிருந்த பையனுக்குத் தோன்றியது என்கிறீர்கள். பையனுக்கு. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த தங்கச்சிக்கு?

முதல் ஏழு விண்வெளி வீரர்களை 1959 ஏப்ரல் 9-ல் அறிவித்தார்கள். ஜெட் சோதனை விமானியாக இருந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ராணுவம் பெண்களை அந்த வேலைக்கு எடுக்கவே எடுக்காது. கதவை வெளியே பூட்டிவிட்டு, யாரும் உள்ளே வரவில்லையே என்பது போல. நியூ மெக்சிகோவில் லவ்லேஸ் என்ற மருத்துவர் ஆண்களுக்கு வைத்த அதே உடல் சோதனைகளை அனுபவமுள்ள பெண் விமானிகளுக்கும் வைத்தார். பதின்மூன்று பேர் தேறினார்கள். 1962 ஜூலையில் அவர்களில் ஜெர்ரி காப், ஜேனி ஹார்ட் இரண்டு பேரும் நாடாளுமன்றத் துணைக்குழு முன்னால் போய் நியாயம் கேட்டார்கள். அங்கே எதிர்த்துப் பேச வந்தது யார்? அந்த ஏழு பேரில் ஒருவரான ஜான் கிளென். பெண்கள் இந்தத் துறையில் இல்லாதது நம் சமூக அமைப்பின் நிதர்சனம் என்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போனார். அடுத்த வருஷம் ஜூனில் சோவியத்தின் வாலென்டினா தெரஷ்கோவா மேலே போய்விட்டார். அமெரிக்கப் பெண் ஒருத்தி போக 1983 ஆனது.

இத்தனைக்கும் அதே கிளென் 1962 பிப்ரவரியில் பறக்கும் முன், இயந்திரம் போட்ட கணக்கை நம்பாமல், நாசாவின் கணித வல்லுநர் கேத்தரின் ஜான்சன் ஒரு தடவை கையால் போட்டுச் சரிபார்க்கட்டும் என்று கேட்டவர். ‘அந்தப் பெண் சரி என்றால் நான் தயார்’ என்று. அந்தப் பெண்ணுக்கு அப்போது வயது 43, மூன்று பிள்ளைகளுக்குத் தாய். அவர் வேலை பார்த்த லாங்லி ஆய்வகத்தில், கையால் கணக்குப் போடும் கறுப்பினப் பெண்களை 1958 வரை தனிப் பிரிவாக ஒதுக்கி வைத்திருந்தார்கள். நாசா உருவான பிறகுதான் அந்தப் பிரிவைக் கலைத்தார்கள்.

#8 அரைடிக்கெட்

எட் டுவைட் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள் அக்கா. விமானப்படையின் கறுப்பின விமானி. விண்வெளிப் பயிற்சிப் பள்ளியில் படித்தவர். கறுப்பினப் பத்திரிகைகளெல்லாம் அவர் படத்தை அட்டையில் போட்டுக் கொண்டாடின. 1963-ல் நாசா தேர்ந்தெடுத்த பட்டியலில் அவர் பெயர் இல்லை. ராணுவத்தை விட்டு வந்து சிற்பி ஆகிவிட்டார். 2024-ல், 90 வயதில், தனியார் ராக்கெட்டில் சில நிமிடம் மேலே போய் வந்தார்.

#9 பழையரேடியோ

இதில் எதையும் நான் மறுக்க முடியாது, மறுக்கவும் இல்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். மே ஜெமிசன் சிகாகோவில் சின்னப் பெண்ணாக அப்போலோவைப் பார்த்தவர். ஏன் ஒரு பெண்கூட இல்லை என்று எரிச்சல் பட்டதாக அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். எரிச்சல் பட்டாரே தவிர அதைப் பார்ப்பதை நிறுத்தவில்லை. 1992-ல் மேலே போனார், முதல் கறுப்பினப் பெண்ணாக. கண்ணெதிரே நடந்ததால்தானே ‘நான் எங்கே’ என்று கேட்க முடிந்தது?

#10 மல்லிகைப்பூ

அது ஜெமிசனின் பெருமை அண்ணா. நாசாவின் கணக்கில் எழுதாதீர்கள்.

#11 கொழும்புத்துறை

வணக்கம். இலங்கையில இருந்து ஒரு சின்னச் சேர்க்கை.

கிளென் பறந்த ஃப்ரெண்ட்ஷிப் 7 கலத்தை 1962-ல் அமெரிக்கா உலகம் முழுக்கச் சுற்றுலா அனுப்பியது. வானத்தில் மூன்று சுற்று, பூமியில் நாலாவது சுற்று என்று விளம்பரம். அது கொழும்புக்கும் வந்தது. சனம் வரிசையில் நின்று பார்த்திருக்கிறது. எரிந்து கருகின அடிப்பாகத்தோட, பறந்து வந்த அதே கலம். சோவியத், விண்வெளிக்குப் போன முதல் மனிதர் ககாரினை நாடு நாடாக அனுப்பியது, ஆனால் அவர் போன கலத்தையோ ராக்கெட்டையோ அப்போது வெளிநாட்டவர் கண்ணில் காட்டவில்லை. ககாரின் கலத்தோட தரையிறங்கவில்லை, தனியாகப் பாராசூட்டில் குதித்தார் என்பதையே பல வருஷம் மறைத்து வைத்திருந்தார்கள்.

இதை ஏற்பாடு செய்தது அமெரிக்கத் தகவல் நிலையம். பிரசாரம்தான், சந்தேகமே இல்லை. ஆனால் பழையரேடியோ ஐயா சொல்கிற விஷயம் அவர்களுக்கே விளங்கியிருந்தது என்பதற்கு இது சாட்சி. புத்தம் புதிதாய்ப் பளபளக்கிற மாதிரிக் கலம் ஒன்றைச் செய்து அனுப்பியிருக்கலாம். கருகினதைத்தான் அனுப்பினார்கள்.

#12 பாலைவனக்கப்பல்

எண்ணெய் ஆலையில் பாதுகாப்புப் பிரிவில் வேலை செய்கிறவன் என்ற முறையில் இந்த ‘திறந்த புத்தகம்’ கதையைக் கொஞ்சம் தட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில், ஏழு வீரர்களும் லைஃப் பத்திரிகையோடு ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். ஐந்து லட்சம் டாலர், ஏழு பேருக்கும் பங்கு. அவர்கள் வீட்டுக் கதை அந்தப் பத்திரிகை வழியாக மட்டும்தான் வெளியே வரும். நாம் பார்த்த உத்தமமான குடும்பப் படங்கள் எல்லாம் அப்படிச் சலித்து எடுத்தவை. அப்புறம் ‘டிஸ்கவரர்’ என்ற பெயரில் அறிவியல் செயற்கைக்கோள்கள் என்று சொல்லி ஏவினார்களே, அவை உண்மையில் கொரோனா என்ற உளவுத் திட்டம். 1995-ல்தான் ஒப்புக்கொண்டார்கள்.

பெரியது அப்போலோ 1. 1967 ஜனவரி 27. ஏவுமேடையில் ஒத்திகை. கலத்துக்குள் முழுக்க சுத்த ஆக்சிஜன், அதுவும் வெளிக்காற்றைவிடக் கூடுதல் அழுத்தத்தில். உள்ளே வெல்க்ரோ, நைலான் வலை, கம்பிச் சுற்றுகள். கதவு உள்பக்கமாகத் திறப்பது. எல்லாம் சரியாக நடந்தாலே திறக்க ஒன்றரை நிமிஷம் ஆகும். தீப்பிடித்ததும் உள்ளே அழுத்தம் ஏறிக் கதவை இறுக்கி அடைத்துவிட்டது. கிரிஸம், வைட், சாஃபி மூன்று பேரும் போனார்கள். என் வேலையில் ‘எரிவதற்கு என்ன இருக்கிறது, எது மூட்டும், ஆள் எப்படி வெளியே வருவான்’ என்று மூன்று கேள்வி கேட்போம். அன்றைக்கு மூன்றுக்கும் தப்பான பதில்.

விசாரணையில் வெளிவந்தது இன்னொன்று. கலத்தைக் கட்டிய நிறுவனத்தின் வேலை மோசமாக இருக்கிறது என்று ஜெனரல் சாமுவேல் ஃபிலிப்ஸ் 1965 கடைசியிலேயே கடுமையாக எழுதிக் கொடுத்திருந்தார். நாடாளுமன்றத்துக்கு அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. செனட்டர் வால்டர் மாண்டேல் எழுந்து கேட்டபோது வெப் திருதிருவென விழித்தார். எங்கே போனது திறந்த மனசு?

#13 பழையரேடியோ

பாலைவனக்கப்பல், நீங்கள் சொன்னது எல்லாம் சரி. ஆனால் கடைசியில் என்ன ஆனது என்று பாருங்கள். மாண்டேல் கேட்க முடிந்தது. வெப் பதில் சொல்லியாக வேண்டியிருந்தது. அறிக்கை அச்சாகி வந்தது. புதிய கதவு வெளிப்பக்கமாக, சில நொடிகளில் திறக்கிற மாதிரி வந்தது. ஏவுமேடையில் சுத்த ஆக்சிஜன் போய் நைட்ரஜன் கலந்த காற்று வந்தது.

எதிர்ப்பக்கம்? 1961 மார்ச் 23 அன்று, ககாரின் பறப்பதற்கு மூன்று வாரம் முன்பு, வாலென்டின் பொண்டரென்கோ என்ற 24 வயது சோவியத் பயிற்சி வீரர் ஆக்சிஜன் மிகுந்த சோதனை அறையில் தீப்பிடித்து இறந்தார். ஆல்கஹால் நனைத்த பஞ்சு சூடான அடுப்பில் விழுந்தது காரணம். 1986 வரை மூச்சு விடவில்லை. அவர்களுடைய தலைமை வடிவமைப்பாளர் செர்கேய் கொரோலியோவ் பெயரே 1966-ல் அவர் செத்த பிறகுதான் உலகத்துக்குத் தெரியும்.

அமெரிக்காக்காரன் தங்கமானவன் என்று நான் சொல்லவில்லை. மறைக்க ஆசைப்பட்டாலும் மறைக்க விடாத ஏற்பாடு அங்கே இருந்தது. பத்திரிகை இருந்தது, நாடாளுமன்றம் இருந்தது, ஏவுதளத்துக்கு எதிரே கடற்கரையில் தெர்மாஸ் பிளாஸ்கோடு உட்கார்ந்திருந்த பொதுஜனம் இருந்தது.

#14 பாலைவனக்கப்பல்

பொண்டரென்கோ சாவு தெரிந்திருந்தால் அப்போலோ 1 நடந்திருக்காது என்று சிலர் எழுதுகிறார்கள். அதை நான் நம்பவில்லை. சுத்த ஆக்சிஜனில் எது வேண்டுமானாலும் எரியும் என்பது அமெரிக்கர்களுக்குத் தெரிந்த விஷயம்தான், அவர்களுடைய சோதனை அறைகளிலேயே தீ விபத்துகள் நடந்திருந்தன. அப்போலோவுக்கு முந்தின திட்டங்களான மெர்க்குரியிலும் ஜெமினியிலும் அதே ஆக்சிஜனை வைத்துத் தப்பித்தார்கள். அந்தத் தப்பித்தல்தான் கெடுத்தது. ஆலைகளிலும் இதையேதான் தினமும் பார்க்கிறேன். போன தடவை ஒன்றும் ஆகவில்லையே என்பார்கள்.

#15 நெல்லைச்சீமை

குறுக்கே ஒரு வரி. 1963-ல் அப்துல் கலாம் நாசாவின் லாங்லி, கோடார்டு, வாலப்ஸ் தீவு மூன்று இடத்திலும் பயிற்சி எடுத்தார். வாலப்ஸ் வரவேற்பறையில் திப்பு சுல்தான் படை ராக்கெட் விடுகிற ஓவியம் மாட்டியிருந்ததைப் பற்றி எழுதியிருக்கிறார். அதே வருஷம் நவம்பர் 21-ல் தும்பாவிலிருந்து கிளம்பிய முதல் ராக்கெட் அமெரிக்காவின் நைக்கி அப்பாச்சி. நமக்குக் கிடைத்த ஊக்கம் நிலாவிலிருந்து வந்ததைவிட இந்தச் சின்ன ராக்கெட்டுகளிலிருந்து வந்ததுதான் அதிகம் என்பேன். கையில் பிடித்து, பிரித்து, மாட்டிக் கற்றுக்கொள்ள முடிந்தது.

#16 அரைடிக்கெட்

யாருமே ஃபான் பிரௌன் பெயரை எடுக்கவில்லையே? நிலாவுக்குப் போன சாட்டர்ன் ராக்கெட்டைக் கட்டியவர், தொலைக்காட்சியில் குழந்தைகளுக்குச் செவ்வாய்ப் பயணம் சொல்லிக்கொடுத்தவர். ஊக்கம் என்றால் முதலில் அவரல்லவா?

#17 கணக்குவாத்தியார்

எடுக்காமல் இருந்ததே நல்லது என்று நினைத்தேன் தம்பி, நீ எடுத்துவிட்டாய். அவர் ஹிட்லருக்கு வி-2 ஏவுகணை செய்தவர். அது மிட்டெல்வெர்க் என்ற சுரங்கத் தொழிற்சாலையில் உற்பத்தியானது, டோரா வதைமுகாம் கைதிகளை வைத்து. ஆயிரக்கணக்கானவர்கள் அங்கே பசியிலும் அடியிலும் தூக்கிலும் செத்தார்கள். போர் முடிந்ததும் அமெரிக்கா அவரையும் அவர் குழுவையும் அள்ளிக்கொண்டு வந்து பழைய கோப்புகளைச் சலவை செய்தது. சாட்டர்ன் 5 திட்ட மேலாளராக இருந்த ஆர்தர் ருடால்ஃப், இந்த விஷயம் தோண்டப்பட்டபோது, 1984-ல் குடியுரிமையை விட்டுக்கொடுத்து ஜெர்மனிக்குத் திரும்பினார். தொலைக்காட்சியில் பார்த்த குழந்தைகளுக்கு இதில் எதுவும் தெரியாது. பழையரேடியோ சார், உங்கள் ‘எல்லாம் ஊரறிய’ வாதத்தில் எனக்குப் பெரிய ஓட்டை இதுதான்.

#18 பழையரேடியோ

ஆமாம், பெரிய ஓட்டை. அடைக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

#19 மல்லிகைப்பூ

வீரர்கள், தலைவர்கள், விஞ்ஞானிகள் என்றே போய்க்கொண்டிருக்கிறது. கொஞ்சம் கீழே இறங்கி வாருங்கள். நான் தையல் தொழிலில் இருப்பவள். எனக்கு இந்தக் கதையில் பிடித்த ஆட்கள் டெலவேர் மாநிலத்து டோவர் நகரில் இருந்தார்கள்.

அப்போலோ வீரர்களின் உடையைத் தைத்தது இன்டர்நேஷனல் லேடெக்ஸ் கார்ப்பரேஷன். பிளேடெக்ஸ் பெயரில் பெண்களின் உள்ளாடை விற்கிற கம்பெனி. ராணுவத்துக்குச் சாமான் செய்கிற பெரிய நிறுவனங்களோடு 1965-ல் போட்டி வைத்தார்கள், இவர்கள் ஜெயித்தார்கள். மற்றவர்களின் உடை கவசம் மாதிரி இருந்தது, இவர்களுடையது உடுப்பு மாதிரி மடங்கியது.

21 அடுக்கு. கண்ணாடி இழைத் துணி, மெல்லிய பிளாஸ்டிக் தகடு, ரப்பர். உள்ளாடை தைத்துப் பழகிய பெண்கள்தான் தைத்தார்கள். பெடலை மிதித்தால் ஒரு நேரத்தில் ஒரு தையல் மட்டும் விழுகிற மாதிரி மெஷினை மாற்றி வைத்திருந்தார்கள். தையல் அரை மில்லிமீட்டர்கூட விலகக் கூடாது. விலகினால் பிரிப்பதும் கிடையாது, ஊசி போன ஓட்டை துணியில் நிற்குமே, அந்தத் துண்டையே எடுத்துப் போட வேண்டும். நாங்கள் நாலு அடுக்கு சேர்த்துத் தைக்கிறபோதே மேல்துணி நகரும், குண்டூசி குத்தாமல் நிற்காது. அங்கே குண்டூசிக்கும் தடை மாதிரிதான். ஒரு ஊசி உள்ளே தங்கிவிட்டால் ரப்பரைக் குத்திக் காற்று வெளியேறும், போட்டிருக்கிறவன் உயிர் போகும். அதனால் ஊசிகளைக் கணக்கு வைத்துக் கொடுத்து வாங்கினார்கள், தைத்த உடையை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள்.

தையல்காரப் பெண் இதைக் கேட்டால் ‘நானும் செய்யலாம்’ என்று நினைப்பாள். ஆனால் அந்தக் காலத்துப் பிரசாரத்தில் அவர்கள் எங்கே இருந்தார்கள்? அந்த உடைதான் உலகப் படங்களிலெல்லாம் இருக்கிறது, தைத்தவர் பெயர் எவ்வளவு பேருக்குத் தெரியும்?

#20 பாலைவனக்கப்பல்

எக்ஸ்ரே விஷயம் எனக்குப் புதிது. அருமை அக்கா. எங்கள் பயிற்சி வகுப்பில் சொல்லப் போகிறேன்.

#21 கணக்குவாத்தியார்

நானும் கதை சொல்லிவிட்டுப் போகிறேன், எண் மட்டும்தான் சொல்வேன் என்று நினைத்துவிடாதீர்கள்.

1969 ஜூலை 15. அப்போலோ 11 கிளம்புவதற்கு முந்தின நாள். மார்ட்டின் லூதர் கிங்கின் தோழர் ரால்ஃப் அபர்நாதி, ஏழைக் குடும்பங்களையும் கோவேறு கழுதை பூட்டிய வண்டியையும் கூட்டிக்கொண்டு ஏவுதளத்துக்கு வந்தார். நிலாவுக்குப் போகிற நாட்டில் குழந்தைகள் பசியோடு இருக்கின்றன என்று சொல்ல. நாசா தலைவர் தாமஸ் பெயின் திறந்தவெளிப் புல்தரையில் போய் அவரைச் சந்தித்தார். நாளைக்குப் பொத்தானை அழுத்தாமல் விட்டால் வறுமை தீரும் என்றால் அழுத்தவே மாட்டோம் என்றார் பெயின். ராக்கெட்டைவிட உங்கள் பிரச்சினை ரொம்பக் கடினமானது என்றும் சேர்த்துக்கொண்டார். அபர்நாதியும் வீரர்களுக்காகப் பிரார்த்திப்பதாகச் சொன்னார். வந்த குடும்பங்களில் சிலருக்கு விருந்தினர் பகுதியில் இடம் கொடுத்தார்கள்.

இந்தச் சந்திப்பில் இரண்டு பேருமே பொய் பேசவில்லை. அதனால்தான் எனக்குப் பிடிக்கும். ஆனால் அந்த ஊக்கம் கொடுத்த வாக்குறுதி என்ன ஆனது? அப்போலோவுக்காக 4 லட்சம் பேர் வேலை செய்த பட்டாளம், நிலாவில் இறங்குவதற்கு முன்பே கரைய ஆரம்பித்துவிட்டது. 1970-ல் அப்போலோ 18, 19, 20 மூன்றும் ரத்து. செவ்வாய்க்கு 1980-களில் போகலாம் என்று கொடுத்த திட்டத்தை நிக்சன் ஓரமாக வைத்துவிட்டார். ஊக்கத்தை நம்பிப் பொறியியல் படித்துவிட்டு வந்தவனுக்கு 1970-ல் வேலை இல்லை.

#22 நெறியாளர்

மெர்க்குரியில் ஆரம்பித்து நிக்சன் வரை வந்துவிட்டீர்கள். நல்ல விவாதம், பூட்ட மனமில்லை. ஆனால் வியட்நாம் போர் பற்றிய இரண்டு பதிவுகளை அரசியல் பகுதிக்கு நகர்த்தியிருக்கிறேன்.

#23 அரைடிக்கெட்

பழையரேடியோ சார், கடைசியாக ஒரு கேள்வி. இந்தக் காலத்துப் பதிவுகளில் ஒன்றே ஒன்று கேள் என்றால் எதைக் கேட்கச் சொல்வீர்கள்?

#24 பழையரேடியோ

ஃப்ரெண்ட்ஷிப் 7-க்கும் தரைக்கும் நடந்த பேச்சு. நாசா இலவசமாகவே வைத்திருக்கிறது, எழுத்து வடிவமும் உண்டு. 1962 பிப்ரவரி 20, மொத்தம் 4 மணி 55 நிமிஷம். முதல் சுற்றை அவசரப்படாமல் கேள். கிளென் ஜன்னலுக்கு வெளியே மின்மினி போல் ஏதோ பறப்பதாகச் சொல்லுவார், ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரம் அவருக்காக விளக்கு போட்டு வைத்திருக்கும்.

இரண்டாவது சுற்றிலிருந்து காதைத் தீட்டிக்கொள். வெப்பக் கவசம் கழன்றுவிட்டது என்று ஒரு சிக்னல் தரைக்கு வருகிறது. உண்மை என்றால் ஆள் எரிந்துபோவார். இதைக் கிளெனிடம் நேராகச் சொல்ல மாட்டார்கள். கவசத்துக்குப் பின்னால் இருக்கும் தரையிறங்கும் பையின் பொத்தான் எந்த நிலையில் இருக்கிறது என்று ஒவ்வொரு நிலையத்திலிருந்தும் சுற்றி வளைத்துக் கேட்பார்கள். அவருக்குச் சந்தேகம் வந்துவிடும். கடைசியில் வேகம் குறைக்கிற ராக்கெட் பொதியைக் கழற்றாமலே இறங்கச் சொல்வார்கள், அதன் பட்டைகளாவது கவசத்தைப் பிடித்துக்கொள்ளட்டும் என்று. எரிகிற துண்டுகள் ஜன்னலைத் தாண்டிப் போகும். பொதிதானா, கவசமா என்று அவருக்குத் தெரியாது.

#25 பாலைவனக்கப்பல்

அந்தச் சிக்னல் பொய் என்பதையும் சொல்லிவிடுங்கள். கோளாறு உணரியில். கவசம் நன்றாகத்தான் இருந்தது. பொதியோடு இறங்குவது ஆபத்து என்று கிராஃப்ட் எதிர்த்தார், அவருக்கு மேலே இருந்தவர்கள் கேட்கவில்லை. இன்னொரு விஷயம், விமானியிடம் எதையும் மறைக்கக் கூடாது என்று கிளென் இறங்கி வந்ததும் சத்தம் போட்டார். ஊருக்குத் திறந்து வைத்தவர்கள் உள்ளே இருந்தவனுக்குத் திறக்கவில்லை, அதையும் உங்கள் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள் பழையரேடியோ.

#26 பழையரேடியோ

எழுதிக்கொண்டேன். ஜெமினி 8 சுழன்ற கதைக்குத் தனி இழை போடுகிறேன், மிச்சச் சண்டையை அங்கே வைத்துக்கொள்வோம்.